துக்க வீட்டில் ஆள் கேட்டவர்

தமிழ்ப் பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கத்தை அக்காவைப் போல் படிக்கும் இன்னொருவரை நான் பார்த்ததில்லை. செத்தவரின் படத்தை அவர் கண் தொடவே தொடாது. பேர், வயது, ஊர், எத்தனை மணிக்குத் தகனம், எதுவும் வேண்டாம். நேராகக் கடைசி வரிகளுக்குப் போவார். அங்கேதான் பிள்ளைகள், மருமக்கள் பெயர்கள் இருக்கும். நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிள்ளை படித்து ஒரு நிலைக்கு வந்துவிட்டால் அப்பனின் சாவு விளம்பரத்தில்கூட அதைப் போடாமல் விடமாட்டோம். டாக்டர் இன்னார், வழக்கறிஞர் இன்னார், பொறியாளர் இன்னார், சிங்கப்பூர். அக்காவின் விரல் அந்த இடத்தில் நின்றுவிடும்.

"பல் டாக்டர் ஒண்ணு இருக்கு. மாசாய் பக்கம்," என்பார். காலையில் பாசாரில் நல்ல மீன் வந்திருக்கிறது என்று சொல்கிற அதே குரல்.

அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. அவரைவிட வயதில் மூத்தவர்கள் உட்பட எல்லோருக்கும் அவர் அக்காதான். பதிலுக்கு அவரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் பிசியோ. எங்கள் சங்கத்தில் கணக்குப் பார்க்கிற பெரியவர் ஆடிட்டர். மாத்திரைகளைப் பிரித்துக் கொடுக்கிற சீனப் பெண் பார்மசி. "பிசியோ, சாப்பிட்டியா?" என்று கேட்கும்போது எனக்கு எரிச்சலாக வரும். எனக்கு ஒரு பெயர் இருக்கிறதக்கா என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். "இருக்கும்மா. ஆனா அது உங்க வீட்டுக்கு. எனக்கு நீ பிசியோதான்," என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், கூலாயில் ஒரு கடைவீட்டின் மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் இரவல் கொடுக்கும் கட்டில்கள், சக்கர நாற்காலிகள், பெரியவர்களுக்கான பேம்பர்ஸ் பெட்டிகள். இன்னொன்றில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, அக்கா. பக்கவாதத்தில் விழுந்தவர்கள், புற்றுநோய் முற்றி ஆஸ்பத்திரி வீட்டுக்கு அனுப்பிவிட்டவர்கள் ஆகியோரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள உதவும் ஒரு சிறிய சங்கம் அது. பதிவு உண்டு. தலைவர் என்று ஒருவரும் இருந்தார். தீபாவளிக்கு ஒருமுறை படம் எடுத்துக்கொள்ள வருவார். மற்றபடி எல்லாம் அக்காதான்.

அதற்கு முன்பு அவர் சேனாய் பக்கம் ஒரு மின்னணுச் சாதனத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலை செய்தவர். தீம்பாரு தீம்பாராக, தோட்டம் தோட்டமாகப் பஸ்ஸில் போய், பெண்களை வேலைக்குச் சேர்த்துக் கொண்டுவந்தவர். பெற்றவர்கள் முடியாது என்பார்கள். அந்த வீட்டுக் குசினியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே பேசிச் சம்மதிக்க வைப்பாராம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பேச்சு மாறவில்லை. "இந்த மாசம் ஆள் பத்தல," "நர்ஸ் ஒண்ணு நின்னுடுச்சு, ரீப்ளேஸ் பண்ணணும்" என்றுதான் சொல்வார்.

ஆனால் தொழிற்சாலைக்கு ஆள் எடுப்பது வேறு, இது வேறு. இதற்குச் சம்பளம் இல்லை. வேண்டியவர்களோ படித்தவர்கள், கை தேர்ந்தவர்கள். டாக்டர், நர்ஸ், மருந்தாளர், என்னைப் போல் விழுந்த உடம்பை எழுப்பத் தெரிந்தவர்கள். இவர்களில் பாதிப் பேர் விடியுமுன் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போய் இருட்டிய பின் திரும்புகிறவர்கள். மீதிப் பேருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் தூக்கம். இவர்களை எங்கே பிடிப்பது? அக்கா கண்டுபிடித்த இடம்தான் சாவு வீடு.

இதை அவரே எனக்கு விளக்கினார். அவருக்கு இதில் ஒளிவு மறைவே கிடையாது. "கல்யாண வீட்ல டாக்டர் டாக்டராத்தான் இருப்பாரு. சாவு வீட்ல மகனா இருப்பாரு. மகன்கிட்ட கேக்கலாம்லா."

கேட்பதற்கும் ஒரு காலம் உண்டு. சாவு அன்றைக்குக் கேட்கக் கூடாது. காதில் விழாது. கருமக்கிரியை முடிந்தபின் கேட்கக் கூடாது. அவரவர் மூட்டை கட்டிவிடுவார்கள். நடுவில் ஒரு நாள் போக வேண்டும். வீட்டுக் கூட்டம் குறைந்து, அழுகை ஓய்ந்து, செய்ய ஒன்றுமில்லாமல் பிள்ளைகள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நாள். சிலோன்காரர்கள் வீடு என்றால் அக்காவுக்குக் கொண்டாட்டம். "அவங்களுக்கு அந்தியேட்டி முப்பத்தொண்ணுலதான். நமக்கு டபுள் டைம்," என்பார். கேட்கிற நமக்குத்தான் உடம்பு கூசும்.

என்னையும் அப்படித்தான் பிடித்தார். என் அப்பா பக்கவாதத்தில் கிடந்து இறந்தார். விளம்பரத்தில் என் வேலையைப் போட்டது என் அண்ணன். தெரியாத ஒரு அம்மாள் வந்து குசினியில் பெண்களோடு உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அப்பாவின் சொந்தம் என்று அம்மா நினைத்தாள். அம்மாவின் சொந்தம் என்று நான் நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டார்: "உங்கப்பாவத் தூக்கி உட்கார வச்சது நீதானம்மா?"

ஆமாம் என்றேன்.

"கடைசியா எப்ப உட்கார்ந்தாரு?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. எல்லோரும் எப்படிச் செத்தார் என்றே கேட்டார்கள். நான் சொல்லத் தொடங்கி, சொல்ல முடியாமல் அழுதேன். அவர் என்னை அழவிட்டார். பிறகு சொன்னார்: "கூலாயில ஒருத்தரு இருக்காரு. உங்கப்பா வயசு. உட்கார வைக்க ஆளில்ல. உங்கப்பாவுக்குத் திவசம் குடுக்கிற வரைக்கும் வந்து செய்யி. அதுக்கு மேல நான் கேக்கமாட்டேன்."

விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார் என்று பின்னால் தெரிந்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. நேரே போய்க் கேட்டேன். "ஆமா, பேப்பர் பாத்துத்தான் வந்தேன். அதுக்கென்ன? நீ அழுதது பொய்யா? அவரு உட்கார்ந்தது பொய்யா?" என்றார்.  

ஒரு வருடம், முதலாண்டுத் திவசம் வரை. அதுதான் அவருடைய ஒப்பந்தம். யாரிடமும் என்றென்றைக்கும் என்று கேட்டதில்லை. "எப்ப முடியும்னு தெரிஞ்சாத்தான் மனுஷன் ஆரம்பிப்பான்," என்பார். திவசம் முடிந்தவர்களைத் தடுக்கவும் மாட்டார். கேசரி கிண்டி எடுத்துவந்து, "இன்னிக்கு பல் டாக்டர் டிஸ்சார்ஜ்" என்று எல்லோருக்கும் கொடுப்பார். பெரும்பாலும் போய்விடுவார்கள். துக்கம் காப்பதற்கு நம்மிடையே ஒரு கணக்கு இருக்கிறது. அந்த வருடம் தீபாவளி இல்லை, நல்ல காரியம் இல்லை. வருடம் முடிந்ததும் எல்லாம் இருக்கிறது. அதனால்தான் அக்கா புதிது புதிதாகச் சாவு வீடு தேடிப் போய்க்கொண்டே இருந்தார். எனக்கும் கேசரி கொடுத்தார். சாப்பிட்டுவிட்டு அடுத்த வாரமும் போய் நின்றேன். ஏன் போனேன் என்று எனக்கே விளங்கவில்லை. "கேசரி முடிஞ்சு போச்சேம்மா," என்றார். அவ்வளவுதான் வரவேற்பு.

பணம் என்றால் அவருக்கு ஆகாது. காசோலை நீட்டியவரிடம், "பேம்பர்ஸ் வாங்கிக் குடுக்க ஊர்ல ஆளிருக்கு டாக்டர். வலிக்கு மருந்து எழுத ஆளில்ல" என்று முகத்துக்கு நேரே சொன்னவர். அப்படி அவர் சொன்ன அந்த டாக்டரைப் பற்றித்தான் இனிச் சொல்ல வேண்டும்.

ஜொகூர் பாருவில் சொந்தக் கிளினிக் வைத்திருந்தவர். சிலோன் குடும்பம். தாத்தா ரயில்வேயில், அப்பா அரசாங்கத்தில், இவர் டாக்டர். அம்மா புற்றுநோயில் இறந்திருந்தார். அந்தியேட்டிக்கு முன் அக்கா போய், அவர்கள் வீட்டுப் பெண்களோடு பலகாரத்துக்கு மாவு பிசைந்து, அவரைக் கேட்டுவிட்டார். அவர் காசோலை நீட்டி, அது திரும்பி வந்து, கடைசியில் சரி என்றார். அம்மாவின் ஆண்டுத் திவசம் வரைக்கும்.

அந்தச் சமயத்தில்தான் காஹாங்கிலிருந்து ஒரு அம்மா வந்து சேர்ந்தார். வந்து சேர்ந்தார் என்றால் அவர் எங்கும் வரவில்லை, கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாதவர். பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சமைத்தவர். புற்றுநோய் எலும்புக்குள் போய்விட்டது. கணவர் செம்பனை எண்ணெய் ஆலைக்குப் பழம் ஏற்றிய லாரி ஓட்டுநர். பிள்ளைகள் இல்லை. வீட்டைச் சுற்றிச் செம்பனை மரங்கள். ஒருமுறை அந்த அம்மாவை ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். சாலையின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் அலறியதைக் கேட்டுக்கொண்டே கணவர் கூட உட்கார்ந்து போயிருக்கிறார். திரும்பி வந்ததும் அந்த அம்மா கணவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார், இனி என்னைத் தூக்காதே என்று.

எங்கள் டாக்டர் அங்கே முதன்முதலில் போய் மார்ஃபின் மருந்து எழுதிக் கொடுத்த அன்று நானும் இருந்தேன். வாயில் ஊற்றுகிற தண்ணி மருந்து. கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவின் முகம் அவிழ்ந்தது. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. "டாக்டருக்கு டீ போடுங்க," என்று கணவரிடம் சொன்னார். அப்புறம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்படியே இருந்தா சாகறது ஒண்ணும் இல்லக்கா," என்றார்.

"இப்படியேதான் இருக்கும். வலியில உன்னைச் சாக விடமாட்டேன்," என்றார் அக்கா.

அவர் நோயாளிகளுக்கு வாக்குக் கொடுத்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஏன் கொடுத்தார்? ஒரு வருடம் கையில் இருக்கிறது என்ற தைரியம். அந்த அம்மா அத்தனை நாள் தாங்கமாட்டார் என்று டாக்டரே சொல்லியிருந்தார். அக்கா மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டார். அம்மா முதலில் போய்விடுவார், டாக்டரின் வருடம் பிறகுதான் முடியும்.

அந்த நோய்க்கு மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஆளைப் பார்த்து, எவ்வளவு கூட்டலாம் என்று டாக்டர்தான் எழுத வேண்டும். மற்றவர்கள் தொட முடியாத மருந்து அது. எங்கள் டாக்டர் ஒழுங்காகப் போய் வந்தார். முகத்தைச் சுளித்ததில்லை. ஆனால் திரும்பி வரும் வழியில் பேசமாட்டார். ஒருநாள் காரில் என்னிடம் சொன்னார்: "எனக்கு அங்க அந்தம்மா தெரியல பிசியோ. ஒவ்வொரு தடவையும் எங்கம்மாவோட கட்டில்தான் தெரியுது. எப்படா முடியும்னு இருக்கு."

முடிந்தது, எல்லோரும் நினைத்ததற்கு முன்னாலேயே. அவர் தங்கைக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளைக்கு ஆஸ்திரேலியாவில் வேலை. லீவு அப்போதுதான் கிடைத்தது. துக்க வருடத்தில் கல்யாணம் செய்ய முடியாது. அதற்கும் வழி இருக்கிறது. ஐயரைக் கேட்டு, ஆண்டுத் திவசத்தை முன்கூட்டிச் செய்து துடக்குத் தீட்டைக் கழித்துவிட்டால் போதும். நம் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். அப்படியே செய்தார்கள். மறுநாள் டாக்டர் அக்காவுக்குப் போன் செய்து, மிகவும் மரியாதையாக, "அக்கா, அம்மாட திவசம் முடிஞ்சது," என்றார்.

அக்கா போனை மேசையில் வைத்துவிட்டு என்னிடம் விஷயத்தைச் சொன்னார். ஆயிரம் சாவு வீட்டைப் பார்த்தவருக்கு இது எப்படித் தோன்றாமல் போனது என்று நான் நினைத்ததுண்டு. சாவு வீட்டை மட்டும் பார்த்ததால்தான் தோன்றவில்லை. கல்யாணம் வந்து வருடத்தைச் சுருக்கும் என்று அவர் எண்ணவில்லை.

"வருஷம் இன்னும் முடியலன்னு சொல்லுங்கக்கா," என்றேன்.

"திவசம் வரைக்கும்னுதானம்மா சொன்னேன். வருஷம்னு சொல்லல."

"அந்தம்மா கிடக்கிறாங்களே?"

"வேற டாக்டர் பாக்கலாம்."

கேசரி கிண்டினார். டாக்டர் வரவில்லை. நாங்களே சாப்பிட்டோம்.

வேறு டாக்டர் கிடைக்கவில்லை. அக்கா போகாத துக்க வீடில்லை. காஹாங் என்றதுமே தூரம் என்றார்கள். கிளினிக் கிளினிக்காகப் போனார். இன்னொருவர் பார்த்த கேஸில், அதுவும் இந்த மருந்தில், கையெழுத்துப் போடப் பயந்தார்கள். டாக்டர் கடைசியாக எழுதிக் கொடுத்த மருந்து கரைந்துகொண்டே வந்தது. வலி கூடிக்கொண்டே போனது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கணவரிடம் கெஞ்சினோம். அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா தலையை மட்டும் அசைத்தார், மாட்டேன் என்று. அக்காவிடம் சொன்னார்: "நீதான் வாக்குக் குடுத்திருக்கியே."

கல்யாணத்தன்று காலை மருந்து முழுவதும் தீர்ந்துவிட்டதாக அந்த அம்மாவின் கணவர் போன் செய்தார். பின்னால் கேட்ட சத்தம் என்ன என்று முதலில் எனக்குப் புரியவில்லை. கோழியையோ பூனையையோ ஏதோ செய்கிறார்கள் என்று நினைத்தேன். அது அந்த அம்மா.

"வா, மண்டபத்துக்குப் போலாம்," என்றார் அக்கா.

அவர் கிளிப்பச்சைப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். வண்ணத்தில் அவரை நான் பார்த்ததே இல்லை. அது அவரைக் கல்யாணத்துக்கு வந்தவராகக் காட்டவில்லை, வேஷம் போட்டவராகத்தான் காட்டியது. மண்டப வாசலில் சந்தனமும் கற்கண்டும் வைத்துக்கொண்டு நின்ற பெரிய அம்மாள் ஒருவர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். டாக்டரின் பெரியம்மா.

"நீங்கள் அண்டைக்கு அந்தியேட்டி வீட்டுக்கு வந்தவா எல்லே?" என்றார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். "இண்டைக்கு என்னத்துக்கு வந்தனீங்கள்? நல்ல காரியம் நடக்குது. குறை நினைக்காதேங்கோ, உள்ளுக்கு வராதேங்கோ."

சந்தனக் கிண்ணத்தைச் சற்றே தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அக்கா வாதாடவில்லை. "டாக்டர ஒரு நிமிஷம் வரச் சொல்லுங்க," என்று மட்டும் கேட்டுவிட்டுக் கார்கள் நிற்கும் இடத்துக்கு வந்து வெயிலில் நின்றார்.

டாக்டர் வந்தார். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம். மணப்பெண்ணின் சகோதரன், மணவறையில் அவருக்குக் காரியம் இருந்தது. எங்களைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, இன்னிக்கு வேணாம். ப்ளீஸ்."

"மருந்து தீந்துடுச்சு டாக்டர்."

"பாக்காம அளவு கூட்டி எழுத முடியாதுக்கா. உங்களுக்கே தெரியும். நாளைக்கு நான் போறேன். சத்தியமாப் போறேன்."

"நாளைக்கும் அந்தம்மா இருப்பாங்க. அதான் கஷ்டமே."

 உள்ளேயிருந்து யாரோ ஓடிவந்து, "அண்ணா, ஐயர் கூப்பிடுறார்," என்றார்கள். டாக்டர் அக்காவின் கையைத் தொட வந்து, தொடாமல் திரும்பிப் போனார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். அந்தப் பெண்ணின் கல்யாணம் நின்றிருக்க வேண்டும் என்று நினைத்தேனா என்றால், அதுவும் இல்லை.

அதன் பிறகு அக்கா செய்ததை என்னால் மறக்க முடியவில்லை. காரிலிருந்து இறங்கி வருகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்கத் தொடங்கினார். "நீங்க டாக்டரா? உங்க வீட்ல டாக்டர் இருக்காங்களா? காஹாங்ல ஒரு பேஷண்ட்." பட்டும் நகையுமாக வந்தவர்கள் முதலில் புன்னகைத்தார்கள், பிறகு விலகிப் போனார்கள். இரண்டு டாக்டர்கள் அகப்பட்டார்கள். ஒருவர் திங்கட்கிழமை கிளினிக்குக்கு வரச் சொல்லி அட்டை கொடுத்தார். இன்னொருவர் தான் தோல் டாக்டர் என்றார். உள்ளே கெட்டிமேளம் கொட்டியது. அக்காவின் பச்சைப் புடவை முதுகில் வியர்த்து ஒட்டியிருந்தது. காவலாளி வந்து நாகரிகமாக மலாயில், அத்தை முறை வைத்து, போய்விடுங்கள் மக்சிக் என்றார்.

நாங்கள் காஹாங்குக்கே போனோம். போய் என்ன செய்ய? ஒருவரைப் புரட்டிப் படுக்கவைக்க, உட்கார வைக்க, கையைக் காலை நீட்டி மடக்க எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்த உடம்பில் தொடுவதற்கு இடமில்லை. போர்வை பட்டாலே அலறினார். அக்கா தொடாமல் கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா ஒருமுறை தெளிவாக அவரைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சாயங்காலம் ஆனபோது கத்தக் குரல் இல்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடினார். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் டாக்டர் வந்தார். சொன்னபடி வந்தார், மருந்துப் பையோடு. வீட்டின் முன்னால் போட்டிருந்த கூடாரத்தைச் சாலையிலிருந்தே பார்த்திருப்பார். ஆனாலும் பையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் இறங்கினார். முந்தைய நாள் மஞ்சளோ சந்தனமோ, விரல் நுனியில் கறையாக ஏதோ இருந்தது. உடம்பின் முன்னால் நின்றார். பிறகு கணவரின் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். வீட்டில் நடந்த சாவு என்பதால் கணவர் காலையிலேயே போலீஸ் நிலையத்தில் அதைப் பதிந்துவிட்டு வந்து, சவரம் செய்யாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். 

டாக்டர் அழத் தொடங்கினார். சத்தமில்லாமல், முகத்தை மூடிக்கொண்டு. அந்த நேரத்தில் அவர் டாக்டராக இல்லை. அக்கா குசினியிலிருந்து காப்பியோடு வந்துகொண்டிருந்தவர் அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். வேண்டாம் அக்கா என்று மனதுக்குள் சொன்னேன். அதே மனதில் சேனாயில் இருக்கிற இன்னொரு நோயாளியின் ஞாபகமும் வந்தது. நுரையீரலில் புற்றுநோய், நடுத்தர வயது, வலி அப்போதுதான் தொடங்கியிருந்தது. அவருக்கும் டாக்டர் இல்லை.

காப்பியை டாக்டரின் கையில் கொடுத்துவிட்டு அக்கா அவர் எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"டாக்டர். சேனாயில ஒருத்தரு இருக்காரு. இந்தத் தடவ திவசம் கணக்கெல்லாம் வேணாம். எப்ப முடியும்னு சொல்லாம வாங்க. இந்தம்மாவுக்காக வாங்க."

டாக்டர் கையை முகத்திலிருந்து எடுத்தார். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். நான் அருகில்தான் நின்றேன், எனக்குத் தெரியும்.

"கேக்காதீங்க," என்றார் கணவர்.

அவர் உரக்கப் பேசவில்லை. லாரி ஓட்டியவருக்கு இயல்பாகவே பெரிய குரல். அன்றைக்கு அது எங்கோ போயிருந்தது.

"என் வீட்ல வச்சுக் கேக்காதீங்கம்மா. அவ படுத்திருக்கா. அவ கத்துனத நீங்களும் கேட்டீங்க, நானும் கேட்டேன். இப்ப அவள வச்சு ஆள் புடிக்காதீங்க."

கூடாரத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா குந்திய இடத்திலிருந்து எழுந்திருக்க முயன்று, முடியாமல், என் கையைப் பிடித்து எழுந்தார். "சரிங்கண்ணே," என்றார். டாக்டர் காப்பியை நாற்காலியின் கீழே வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் காருக்குப் போனார். கணவர் சொன்னது சரி என்றும், சொல்லியிருக்கக் கூடாது என்றும் எனக்கு ஒரே சமயத்தில் தோன்றியது. அப்போதும் அப்படித்தான் தோன்றியது, இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

அதன் பிறகு அக்கா எந்தத் துக்க வீட்டுக்கும் போகவில்லை. பேப்பர் வரும், மேசையில் கிடக்கும். ஆள் எடுப்பது நின்றதும், இருந்தவர்கள் அவரவர் திவசம் முடிந்து கழன்றுகொண்டார்கள். அதிக காலம் அந்த இரண்டு அறைகள் தாக்குப்பிடிக்கவில்லை. கட்டில்களை வேறு சங்கங்களுக்குக் கொடுத்தார். பிறகு கிள்ளானில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். போனில் பேசினால், "பிசியோ, சாப்பிட்டியா?" என்பார். அதற்கு மேல் பேச்சு ஓடாது.

அதற்கெல்லாம் முன்னால், காஹாங் சாவு நடந்த அந்த வாரத்தில், டாக்டரை நானே கூப்பிட்டுக் கேட்டேன், சேனாய்க்காரருக்காக. "பாக்கிறேன் பிசியோ," என்றார். நான் விடாமல் இரண்டாம் முறையும் கேட்டேன். அதே பதில். அக்காவாக இருந்தால் அந்தப் பதிலோடு போனை வைத்திருக்கமாட்டார். எனக்கு உடம்பைத் தூக்கத் தெரியும். ஒரு மனிதனை ஆம் என்று சொல்ல வைக்கத் தெரியாது.

அந்த வாரக் கடைசியில் நானும் அக்காவும் சேனாய் போனோம். சேனாய்க்காரர் இரண்டு தலையணையில் சாய்ந்து, வலிக்கிற பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி தொழிற்சாலைச் சீருடையைக்கூட மாற்றவில்லை, ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தாள்.

"டாக்டர் கிடைச்சாரா?" என்று கேட்டாள்.

"கேட்டிருக்கோம்மா," என்றேன்.

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள், அக்காவை ஒருமுறை பார்த்தாள்.

"நீங்க கேட்டீங்களா, அக்கா கேட்டாங்களா?"

நான் வாயைத் திறக்குமுன் அக்கா சொன்னார்: "நான்தாம்மா கேட்டேன்."

அவள் முகம் தெளிந்தது. கணவனின் காதருகே குனிந்து, "அக்கா கேட்டிருக்காங்களாம். வந்துடுவாரு," என்றாள்.